ஆங்கில வினையும் அதன் மரபும்

ஒரு மொழியின் பெயர்ச்சொற்களைக் கற்றல் எளிது. அதன் வினைச்சொற்களைப் பழுதின்றி வழங்கக் கற்றலோ அரிது. மரம், வீடு, ஆறு, மலை என்பன கண்முன் நிற்கும் பொருள்களாதலின், அவற்றிற்குரிய ஆங்கிலப் பெயர்களை ஒருமுறை கேட்ட சிறுவனும் மறவாது கூறுவான். வினை அங்ஙனம் தனித்து நிற்பதன்று. அது தனக்கு முன்னும் பின்னும் வரும் சொற்களோடு உறவு பூண்டே நிற்பது. எந்த வினை எந்தப் பெயரோடு இணங்கும், எதனோடு இணங்காது, யார் யாரிடத்துக் கூறத்தக்கது என்பனவெல்லாம் இலக்கண விதியால் மட்டும் அறியப்படுவன அல்ல, மரபினால் அறியப்படுவன. சான்றோர் ஒரு பொருளை எச்சொல்லால் வழங்கி வந்தனரோ, அச்சொல்லாலேயே நாமும் வழங்குதல் மரபு என்பது நன்னூலார் கொள்கை. இக்கொள்கை தமிழுக்கே உரியதன்று. ஆங்கிலத்திற்கும் பிற மொழிகட்கும் பொருந்துவதேயாம்.

நம் மாணவர் பலர் ஆங்கில இலக்கணத்தை நன்கு கற்றிருந்தும், எழுதுங்கால் ஆங்கிலேயர் எழுதாத வாக்கியங்களை எழுதிவிடுகின்றனர். எழுவாயும் பயனிலையும் இயைந்திருக்கும், காலமும் வழுவாதிருக்கும், ஆயினும் வாக்கியம் ஆங்கிலமாகாது. காரணம் யாதெனின், தமிழ் வினையை உள்ளத்திற் கொண்டு, அதற்கு நேராக அகராதியில் முதற்கண் காணப்படும் ஆங்கில வினையை எடுத்து வைத்துவிடுதலேயாம். இவ்வழுக்களுள் சில கேட்போர்க்கு நகை விளைப்பன. சில கருத்தையே தலைகீழாக்குவன. இவற்றை ஒருவாறு வகுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நம் மொழியிலிருந்து தொடங்குவோம்

மரபின் ஆற்றலை உணர வேற்று நாட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. பானை உடைந்தது என்கிறோம். கொம்பு ஒடிந்தது என்கிறோம். கயிறு அறுந்தது என்கிறோம். ஆங்கிலேயர் இம்மூன்றிற்கும் 'ப்ரேக்' என்னும் ஒரு வினையையே வழங்குவர். நாம் ஆடையை உடுக்கிறோம், பூவைச் சூடுகிறோம், நகையைப் பூணுகிறோம். அவர்கட்கு இவையனைத்திற்கும் 'வேர்' என்னும் வினை ஒன்றே போதும். தமிழ் கற்கும் ஆங்கிலேயர் ஒருவர், 'கயிறு உடைந்தது' என்றும், 'அவள் பூவை உடுத்தாள்' என்றும் கூறினால், அவர் கருத்து நமக்கு விளங்கும். ஆயினும் புன்முறுவல் பூவாதிருத்தல் இயலாது. அவர் இலக்கணத்திற் பிழைத்தாரல்லர், மரபிற் பிழைத்தார்.

நம் முன்னோர் இதனை நுணுகி ஆராய்ந்தவர். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரு பொருளனவேயாயினும், இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் இரத்தல் முறை எனத் தொல்காப்பியர் வகுத்தார். ஆங்கிலத்திலும் இவ்வாறான நிலைவேறுபாடு உண்டு. 'பெக்' என்பது தாழ்ந்து இரத்தல்; 'ஆஸ்க்' என்பது பொதுவாகக் கேட்டல்; 'ரிக்வெஸ்ட்' என்பது பணிவுடன் வேண்டுதல்; 'டிமாண்ட்' என்பது உரிமையோடு வற்புறுத்திக் கேட்டல். விடுப்பு வேண்டிக் கல்லூரித் தலைவருக்கு விண்ணப்பம் வரைவோன் 'டிமாண்ட்' என்னும் வினையை இட்டால், அது விண்ணப்பமாகாது, கட்டளையாய் முடியும்.

2. ஒரு தமிழ்வினைக்குப் பல ஆங்கில வினைகள்

ஆங்கிலத்திற் பொதுவாய் நிற்பது தமிழிற் பலவாய்ப் பிரிதல்போல, தமிழிற் பொதுவாய் நிற்பதும் ஆங்கிலத்திற் பலவாய்ப் பிரியும். இடர் விளையும் இடம் இதுவே.

'சந்தேகி' என்னும் வினையை முதற்கண் எடுத்துக்கொள்வோம். மாணவர் விடுதியொன்றிற் பணம் களவு போயிற்று எனக் கொள்க. 'வேலையாள் எடுத்திருப்பான் எனச் சந்தேகிக்கிறேன்' என்று கூறக் கருதிய மாணவன், 'ஐ டவுட் தட் த ஸர்வண்ட் டுக் இட்' என்று விடுதித் தலைவருக்கு எழுதுகிறான். இதனைப் படிக்கும் ஆங்கிலேயர் யாது பொருள் கொள்வர்? 'வேலையாள் எடுத்திருப்பான் என்று நான் நம்பவில்லை' என்றே கொள்வர். 'டவுட்' என்பது ஒன்றை நம்பாமை. 'சஸ்பெக்ட்' என்பது தீயதொன்று நிகழ்ந்திருக்கும் என்று கருதுதல். இரண்டும் தமிழிற் சந்தேகமே. ஆங்கிலத்திலோ ஒன்றற்கொன்று எதிர். ஒருவனைக் குற்றஞ்சாட்ட நினைத்து எழுதிய வாக்கியம் அவனுக்குப் பரிந்து பேசுகிறது. பரிந்து பேச நினைத்து இடம்மாற்றி எழுதினால் அது குற்றஞ்சாட்டும். ஏழை ஒருவனுடைய பெயரும் பிழைப்பும் ஒரு வினைச்சொல்லிற் தங்கியிருத்தலைக் காண்க. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'டவுட்' என்பது அஞ்சி ஐயுறுதல் என்னும் பொருளிலும் வழங்கியதுண்டு. ஹாம்லெட் நாடகத்தில் அவ்வழக்கைக் காணலாம். ஆனால் இக்காலத்துப் பொது வழக்கு அதுவன்று.

இனி 'மறு' என்னும் வினையை நோக்குவோம். 'அதிகாரி இலஞ்சத்தை மறுத்தார்' என்னும் தமிழ் வாக்கியம் இருபொருள் தருவது. கொடுக்கப்பட்ட பணத்தை அவர் ஏற்கவில்லை என்பது ஒன்று. தாம் பணம் வாங்கியதாகக் கூறப்பட்டதை இல்லையென்றார் என்பது மற்றொன்று. முன்னதற்கு 'ரெப்யூஸ்' என்றும், பின்னதற்கு 'டினை' என்றும் ஆங்கிலம் பிரித்துக் கூறும். முன்னவர் நேர்மையாளர், பின்னவரோ குற்றச்சாட்டிற்கு உள்ளானவர். இவற்றோடு, விருந்தழைப்பைப் பணிவாக ஏற்காது விடுதற்கு 'டிக்ளைன்' என்னும் வினை உரியது. நண்பர் அனுப்பிய திருமண அழைப்பிற்கு 'ரெப்யூஸ்' என்று விடையெழுதுதல் கதவை அவர் முகத்திற் சாத்துதலை ஒக்கும்.

'எதிர்பார்' என்பதும் அத்தகையதே. 'எக்ஸ்பெக்ட்' என்பது நிகழும் என அறிவினால் துணிதல். 'ஹோப்' என்பது நிகழவேண்டுமென விரும்புதல். 'வெயிட்' என்பது காத்திருத்தல். நோயாளி இரவைக் கடத்தல் அரிதென மருத்துவர் எதிர்பார்க்கிறார் என்னுமிடத்து 'ஹோப்' என்று எழுதினால், மருத்துவர் அவர் சாவை விரும்புகிறார் என்றன்றோ பொருள்படும்!

'கேள்' என்பது நம் மொழியில் வினாவுதலையும் குறிக்கும். செவியால் உணர்தலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் வினாவுதல் 'ஆஸ்க்'. ஓசை தானே செவியிற் படுதல் 'ஹியர்'. கருத்தூன்றிக் கேட்டல் 'லிஸன்'. வகுப்பில் ஆசிரியர் குரல் எல்லார் செவியிலும் படும். ஊன்றிக் கேட்போர் சிலரே. ஆகலின் 'ஹியர்' செய்வோர் பலர், 'லிஸன்' செய்வோர் சிலர் எனலாம். இவ்வாறே, கண்ணிற் படுதல் 'ஸீ'. கண்ணைச் செலுத்துதல் 'லுக்'. நிகழ்வதைத் தொடர்ந்து நோக்கியிருத்தல் 'வாட்ச்'. நாம் எல்லாவற்றையும் 'பார்' என்றே கூறி அமைகிறோம்.

'சொல்' என்பதற்கு 'ஸே', 'டெல்' என்னும் இரண்டும் உரியன. 'டெல்' என்பது பெரும்பாலும் கேட்போனைத் தன் பின்னே நேராகக் கொள்ளும். 'ஸே' அங்ஙனம் கொள்ளாது, 'டு' என்னும் இடைச்சொல்லை வேண்டும். 'ஹி டோல்ட் மி' என்பது சரி. 'ஹி ஸெட் மி' என்பது வழு. 'எக்ஸ்பிளெயின்' என்பதும் 'ஸே' போன்றதே. 'எக்ஸ்பிளெயின் மி' என்னாது 'எக்ஸ்பிளெயின் டு மி' என்க. திருடுதலைக் குறிக்கும் 'ஸ்டீல்' பொருளையும், கொள்ளையிடுதலைக் குறிக்கும் 'ராப்' பொருளையுடையவனையும் செயப்படுபொருளாகக் கொள்ளும். கைக்கடிகாரம் 'ஸ்டோலன்' ஆகும். அதனை இழந்தவர் 'ராப்ட்' ஆவர்.

'ப்ரிங்', 'டேக்' என்பவற்றில் மயங்குவோர் தொல்காப்பியத்தையே துணைக்கொள்ளலாம். தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகட்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என அந்நூல் கூறும். பேசுவோனிடத்திற்கோ கேட்போனிடத்திற்கோ கொண்டுவருதல் 'ப்ரிங்'; வேறிடத்திற்குக் கொண்டுபோதல் 'டேக்'. இருமொழியும் இங்குக் கைகோத்து நிற்றல் காண்க.

3. வினையும் அதன் துணையும்

'செய்' என்பதற்கு 'டூ', 'மேக்' என இரு வினைகள் உள. ஒன்றைப் புதிதாக ஆக்குதற்கு 'மேக்' என்றும், ஒரு தொழிலை ஆற்றுதற்கு 'டூ' என்றும் பொதுவிதி கூறலாம். தச்சன் நாற்காலியை 'மேக்' செய்கிறான். மாணவன் வீட்டுப் பாடத்தை 'டூ' செய்கிறான். ஆனால் விதி நெடுந்தூரம் துணைவாராது. பிழை, முயற்சி, முன்னேற்றம், வாக்குறுதி என்பன 'மேக்' என்பதோடு சேரும். கடமை, தீங்கு, உதவி, நீதி என்பன 'டூ' என்பதோடு சேரும். குற்றமோ 'கமிட்' என்பதனையே வேண்டும். இவற்றிற்குக் காரணம் வினவிப் பயனில்லை. 'குயில் கூவும், மயில் அகவும்' என்பதற்கு யாம் கூறும் காரணம் யாது? வழக்கு அங்ஙனம், அவ்வளவே.

சிலவிடங்களில் இரு மரபுகளும் வியப்புற ஒத்துவரும். வரி செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம். ஆங்கிலேயரும் வரிக்கும் கவனத்திற்கும் 'பே' என்னும் ஒரு வினையையே வழங்குவர். ஆனால் ஒத்த இடங்களைக் கண்டு மகிழ்ந்து, ஒவ்வாத இடங்களிலும் அங்ஙனமே செல்லுதல் தகாது. தேர்வை நாம் எழுதுகிறோம்; ஆங்கிலேயரோ அதனை 'டேக்' என்பர், அல்லது அதற்கு 'ஸிட்' என்பர். வினாத்தாள் வரையும் ஆசிரியர் அதனை 'ஸெட்' செய்கிறார். வடநாட்டார் தம் மொழி வழக்கைப் பின்பற்றித் தேர்வைக் 'கிவ்' என்பதும், நாம் 'ரைட்' என்பதும் தாய்மொழியின் நிழல்களே.

4. பின்னொட்டு வினைகள்

ஆங்கிலம் கற்கும் அயலார்க்கு மிக்க இடர் விளைப்பது, எளிய வினையின் பின்னே சிறிய இடைச்சொல் ஒன்று வந்து பொருளை மாற்றும் வழக்காகும். 1755-ல் வெளிவந்த தம் பேரகராதியின் முன்னுரையில் டாக்டர் ஜான்ஸன் இதனையே எடுத்துக்கூறி, அயலார்க்கு இதனினும் பெரிய இடர்ப்பாடு இல்லை என்னும் கருத்தை வெளியிட்டார். இவற்றிற்குரிய 'பிரேஸல் வெர்ப்' என்னும் பெயரை லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பார் 1925-ல் வெளியிட்ட நூலில் வழங்கினார்.

'கிவ்' என்பது கொடுத்தல். 'கிவ் அப்' என்பது கைவிடுதல். 'கிவ் இன்' என்பது பணிந்துபோதல். 'கிவ் அவே' என்பது இலவசமாக வழங்குதலும் மறைவை வெளிப்படுத்துதலும் ஆம். 'புட்' என்பது வைத்தல். 'புட் ஆப்' என்பது ஒத்திவைத்தல். 'புட் அவுட்' என்பது விளக்கையோ நெருப்பையோ அணைத்தல். 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள்ளுதல். 'லுக் ஆப்டர்' என்பது பேணுதல். 'லுக் பார்' என்பது தேடுதல். 'லுக் இன்டு' என்பது ஆராய்தல்.

இவை நெறியற்றன என்று மாணவர் வெறுப்பதுண்டு. தமிழில் இத்தகையன இல்லையோ? 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. 'குழந்தையைப் பார்த்தாள்' என்பதற்கும் 'குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்' என்பதற்கும் உள்ள வேற்றுமை 'லுக் அட்', 'லுக் ஆப்டர்' என்பவற்றிடை உள்ள வேற்றுமையே. கைவிடு, கைக்கொள், கைகூடு, கையாள் என்பவற்றில் 'கை' என்பது உடலுறுப்பாக நின்று பொருள்தரக் காணோம். இவற்றைத் தமிழ் கற்கும் ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகக் கற்கின்றனர். நாமும் அவர்தம் மொழியை அங்ஙனமே கற்றல் வேண்டும்.

ஒருசார் குறிப்பும் இவற்றுள் உண்டு. 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் 'அப்' என்பது மேல் என்னும் பொருளதன்று. வினை எச்சமின்றி முற்றுப்பெறுதலை உணர்த்துவது. தமிழில் 'உண்டுவிடு', 'குடித்துவிடு' என்பவற்றில் 'விடு' செய்யும் தொழிலையே அது செய்கிறது. இக்குறிப்பை உணர்ந்தோர்க்குப் பல தொடர்கள் தாமே விளங்கும்.

இடைச்சொல் வேண்டாத இடத்து அதனைச் சேர்த்தலும் ஒரு வழு. 'ஒன்றைப் பற்றி விவாதித்தல்' என்னும் தமிழ்த்தொடர் நம் உள்ளத்தில் இருத்தலால் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறோம்; 'டிஸ்கஸ்' என்பதே போதும். 'அறைக்குள் நுழைந்தான்' என்பதனால் 'என்டர்ட் இன்டு த ரூம்' என்கிறோம். அங்கும் 'இன்டு' மிகையே. 'ரிஸெம்பிள்', 'ரீச்', 'மேரி', 'ஆன்ஸர்' என்னும் வினைகளும் செயப்படுபொருளை நேரே கொள்வன. 'ரிடர்ன்' என்பதிலேயே மீளுதல் அடங்கியிருத்தலின் 'ரிடர்ன் பேக்' என்பது கூறியது கூறலாம். இதற்கு மாறாக, 'லிஸன்' என்பதற்குப் பின் 'டு' என்பதும், 'வெயிட்' என்பதற்குப் பின் 'பார்' என்பதும், 'லுக்' என்பதற்குப் பின் 'அட்' என்பதும் பொருள் வருமிடத்து விடத்தகாதன.

5. மரபுத்தொடர்களை ஆளும் முறை

வினைகளைக் கடந்து முழுத்தொடர்களுக்கு வருவோம். நியூகாஸில் நிலக்கரி மிக்க துறைமுகநகராய் விளங்கிய ஊர். அங்கே நிலக்கரி கொண்டுசெல்லுதல் என்பது ஆங்கில மரபுத்தொடர். நாமோ கொல்லன் தெருவில் ஊசி விற்றல் என்கிறோம். பேய்க்கும் ஆழ்கடலுக்கும் இடையே நிற்றல் என்பர் அவர். இருதலைக் கொள்ளி எறும்பு என்போம் நாம். கருத்து ஒன்று, உருவம் வேறு. நம் உருவத்தை அவர்மொழியிற் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், எறும்பு மட்டும் எஞ்சும், துன்பம் விளங்காது.

மரபுத்தொடர்களை ஆள்வோர் மூன்றனை நினைவிற்கொள்க. முதலாவது, அவற்றின் சொற்களை மாற்றலாகாது. வாளியை உதைத்தல் என்னும் பொருள்பட வரும் 'கிக் த பக்கெட்' என்பது இறத்தலைக் குறிக்கும். வாளிக்கு மாறாகக் குடத்தை வைத்தால் எப்பொருளும் இல்லை. இரண்டாவது, இடம் நோக்கிக் கூறல் வேண்டும். மேற்கூறிய தொடர் விளையாட்டுப் பேச்சிற்குரியது. தந்தையை இழந்த நண்பனுக்கு ஆறுதல் வரையும் கடிதத்தில் அதனை எழுதுதல் புண்ணில் வேல் எறிதலேயாம். 'டை' என்பது வெளிப்படைச் சொல். 'பாஸ் அவே' என்பது நாம் 'இயற்கை எய்தினார்' என்பதுபோன்ற இடக்கரடக்கல். மூன்றாவது, மிகுதியாக வழங்கலாகாது. உப்பின்றி உணவு சுவைக்காது, உப்பே உணவாகாது. பத்தி ஒன்றில் ஐந்து மரபுத்தொடர் அமைத்தோன் ஆங்கிலம் அறிந்தவனாகத் தோன்றான். பட்டியலை மனப்பாடம் செய்தவனாகவே தோன்றுவான்.

நம் நாட்டிற்கே உரிய ஆங்கில வழக்குகள் சில உள. கல்லூரிப் படிப்பை முடித்தலை 'பாஸ் அவுட்' என்கிறோம். ஆங்கில நாட்டில் இராணுவப் பயிற்சி முடித்து வெளிவருவோரைக் குறித்து அத்தொடர் வழங்குமாயினும், பொதுமக்கள் அதனால் மயங்கி வீழ்தலையே உணர்வர். நம்மவரிடையே நம் வழக்கு விளங்கும், அதனை இகழவேண்டுவதில்லை. ஆயினும், கடல்கடந்து செல்லும் விண்ணப்பத்தில், 'இன்ன ஆண்டிற் கல்லூரியில் மயங்கி வீழ்ந்தேன்' எனப் பிறர் பொருள்கொள்ளுமாறு எழுதாமை நன்று.

6. கற்கும் நெறி

முதலாவதாக, சொல்லைத் தனியே குறித்துவைத்தல் பயன்படாது. அதன் துணையோடு குறித்தல் வேண்டும். குறிப்பேட்டில் 'மிஸ்டேக்' என்று எழுதாது 'மேக் எ மிஸ்டேக்' என்று எழுதுக. 'லிஸன்' என்னாது 'லிஸன் டு' என்க. அவ்வாறு குறித்ததனைத் தமிழ்ச்சொல்லோடு மட்டும் நிறுத்தாது, நூலிற் கண்ட முழு வாக்கியத்தோடு சேர்த்து வைத்தல் நலம்.

இரண்டாவதாக, தக்க அகராதியைத் துணைக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலேயர்க்கென எழுதப்பட்ட அகராதி பொருளைக் கூறும். சொல்லை ஆளும் முறையை அத்துணை விளங்கக் கூறாது. இக்குறையை உணர்ந்து, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பார் வேறிருவரோடு சேர்ந்து அயலார்க்கென ஓர் அகராதி தொகுத்தார். அது 1942-ல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-ல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தாரால் மீண்டும் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு வினையும் எவ்வகை வாக்கியத்தில் அமையும் என்பதனைக் காட்டுதலே அதன் சிறப்பு. அதன் வழிவந்த பதிப்புக்கள் இன்றும் மாணவர் கையில் உள்ளன.

மூன்றாவதாக, எளிய வினைகளை எளியன என்று இகழற்க. ஆக்டன் என்னும் அறிஞர் 1930-ல் 850 சொற்களே கொண்ட சுருங்கிய ஆங்கிலம் ஒன்றை வகுத்தபோது, அவற்றுள் வினைகளாக 18 சொற்களையே வைத்தார். கம், கோ, கெட், கிவ், கீப், புட், டேக் முதலிய இச்சிறு வினைகளே இடைச்சொற்களோடு கூடி எண்ணிறந்த கருத்துக்களைத் தருவன. ஆக்ஸ்போர்டுப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஸெட்' என்னும் வினைக்கு மட்டும் நானூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கூறப்பட்டுள்ளன. நெடிய சொற்களை அடுக்குவோனைவிட, இச்சிறு வினைகளை வழுவின்றி ஆள்வோனே ஆங்கிலம் வல்லவன்.

நான்காவதாக, நல்ல உரைநடை நூல்களை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். மரபு கண்ணினும் செவியின்வழி விரைந்து உட்புகும். பன்முறை கேட்ட செவி, வழுவான தொடரைக் கேட்டவுடன் கூசும். நாம் தமிழில் 'கயிறு உடைந்தது' என்பதனைக் கேட்டுக் கூசுவது அவ்வாறு வந்த பயிற்சியினாலன்றோ?

மாணவ நண்பர்காள்! ஆங்கிலத்தை அதன் மரபோடு கற்றல் அம்மொழியாளரைப் போலத் தோன்றுதற்பொருட்டன்று. நாம் கருதியதனையே பிறர் உணரவேண்டும் என்பதன் பொருட்டேயாம். ஐயுற்றதனை நம்பினதாகவும், ஏற்காததனை இல்லையென்றதாகவும், அஞ்சியதனை விரும்பியதாகவும் பிறர் கொள்ளுமாறு எழுதினால், நம் கருத்து எத்துணைத் தூயதாயினும் யாது பயன்? வினையைத் தேர்ந்து வழங்குதல் உண்மையைக் காத்தலின் ஒரு பகுதி. வேற்றுமொழியின் மரபை மதித்துக் கற்பவன் தன் தாய்மொழியின் மரபையும் விழிப்போடு நோக்கத் தொடங்குவான். இருமொழியிலும் அவன் சொல் தெளிவுறும்.